ஆளற்ற குறிஞ்சி

சென்ற ஆண்டு நம் பங்கின் பெருவிழாவையொட்டி இளையோர் மன்றத்தார் நிழற்படப் போட்டி ஒன்று நடத்தினர். 'படைப்பில் பரமன்' என்பது பொருள். நடுவர் மூவருள் நாமும் ஒருவர். அறுவடை, ஆறு, அந்தி வானம், மழைத்துளி தாங்கிய இலை என்று வழக்கமான படங்கள் பல வந்திருந்தன. மலைக்கோட்டைமேல் எழும் நிலவை மட்டும் ஒன்பது பேர் பிடித்து அனுப்பியிருந்தனர். அவற்றிடையே ஒரு படம் நம்மைத் தடுத்து நிறுத்தியது. கோடையில் ஒரு மலைச் சமவெளி. அடிமுதல் நடுவரை செம்மண். அதற்கப்பால் மங்கிய நீலத்தில் ஒரு மலைமுகடு. வலப்புறம் தனித்து நிற்கும் ஒரு பலாமரம். எஞ்சியதெல்லாம் வெளுத்த வானம். கீழே, 'பச்சைமலையில் மனிதக் காலடி படாத மௌனம்' என்று அழகிய எழுத்தில் குறித்திருந்தான் அதைப் பிடித்த இளைஞன்.

முதற்பரிசை அதற்கே கொடுத்தோம். பரிசளிப்பின்போது அந்தப் படத்தை உயர்த்திக் காட்டி, இறைவனின் மௌனம், மனிதன் தீண்டாத தூய்மை, நகரத்து இரைச்சலில் நாம் இழந்த தனிமை என்று ஐந்து நிமிடம் பேசினோம். கைதட்டலும் கிடைத்தது. அந்த ஐந்து நிமிடப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகவே இதனை எழுதுகிறோம்.

இவ்வாண்டுக் கத்திரி வெயிலில் திருச்சி கொதித்துக்கொண்டிருந்த நாளொன்றில், இளையோர் சிலர் பச்சைமலைக்குப் புறப்பட்டபோது நாமும் உடன் சென்றோம். பரிசு பெற்ற இளைஞனும் வந்திருந்தான். கொள்ளிடத்தைக் கடந்து, மண்ணச்சநல்லூர், துறையூர் வழியாகச் சோபனபுரம் போய், அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் டாப் செங்காட்டுப்பட்டிக்குச் சென்றோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டரை எட்டியும் எட்டாமலும் நிற்கும் உயரம். உதகையின் குளிரை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவர். ஆயினும் கீழே நாற்பது பாகை வெயிலில் வெந்து வந்தவருக்கு மேலே வீசும் காற்றே போதும். ஏறி முடித்ததும் மலை திடீரென்று தட்டையாகி விரிகிறது. மலைமேல் ஏறியபின் சமவெளியைக் காண்பதில் ஒரு வியப்பு இருக்கத்தான் செய்கிறது. அதை மறுக்கமாட்டோம்.

அந்தப் பலாமரத்தைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. செம்மண் நிலமும் இருந்தது, நீல முகடும் இருந்தது. ஆனால் படத்தில் வெற்றிடமாய் இருந்த நடுப்பகுதியில் ஒரு வீடு இருந்தது. ஓட்டு வீடு. பக்கத்தில் ஒரு மின்கம்பம். வாசலில் கட்டிய கொடியில் துணிகள். வேலியோரம் நிழலில், அடுத்த நடவுக்காக மரவள்ளிக் குச்சிகளைக் கட்டுக் கட்டாக நிறுத்தி வைத்திருந்தார்கள். இரண்டு ஆடுகள். படியில் அமர்ந்து புளி தட்டிக்கொண்டிருந்த நடுவயதுப் பெண்ணொருத்தி எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"இந்த வீடு புதிதாகக் கட்டியதா அம்மா?" என்று கேட்டோம். கேட்கும்போதே நமக்கு விடை தெரிந்துவிட்டது. ஓடுகளில் பாசி காய்ந்து கறுத்திருந்தது.

"எங்க மாமனார் காலத்து வீடு சாமி. நான் வாக்கப்பட்டு வந்ததே இங்கதான்" என்றார் அவர்.

இளைஞனைத் திரும்பிப் பார்த்தோம். அவன் கூச்சத்தோடு, ஆனால் குற்றவுணர்வு ஏதுமின்றிச் சொன்னான்: "அது உறுத்தலா இருந்துச்சு ஃபாதர். செல்பேசியிலேயே அழிச்சிட்டேன். விரலால ஒரு தடவை தேய்ச்சாப் போதும், போயிடும்."

அவன் பொய் சொல்பவன் அல்லன். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருபவன், பீடப்பணியாளர்க்குப் பயிற்சி தருபவன். அவனைக் குறை கூறுவதற்காக இது எழுதப்படவில்லை. எழுதுமுன் அவனிடம் இசைவும் பெற்றோம். அவனுக்கு முதற்பரிசு தந்தவர் நாம். அவன் விரல் அழித்ததை நம் நாவு புகழ்ந்தது. நாம் வழக்காட விரும்புவது அவனோடு அன்று, நம் எல்லாரிடமும் படிந்துபோன ஒரு கண்ணோட்டத்தோடு. மலையென்றால் அது தூய்மையாய் இருக்க வேண்டும். தூய்மையாய் இருக்க வேண்டுமாயின் அங்கே ஆள் இருக்கக் கூடாது. இதுவே அக்கண்ணோட்டம். இதை நாம் எங்கிருந்து பெற்றோம்?

நிழற்படக் கலைக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவு பழையது. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராய் இருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, 1858-ஆம் ஆண்டிலேயே திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையையும் திருவரங்கத்தையும் பெரிய பெட்டிக் கருவியால் படம் பிடித்துத் தொகுதியாக வெளியிட்டார். அன்று எதிர்ப்படிகள் காகிதத்தில் அமைந்தவை. ஒளி பதிய நெடுநேரம் பிடிக்கும். அசையாத கல்லும் கோபுரமும் தெளிவாய் விழும். தெருவில் நடக்கும் மனிதர் தம் அசைவினாலேயே கரைந்து மறைவர். வானமோ வெறும் வெள்ளையாய்ப் போய்விடும். ஆகவே அவர் எதிர்ப்படிமேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். செலவு மிகுதி என்று அரசு 1860-இல் அப்பணியையே நிறுத்திவிட்டது.

அந்தப் படங்களின் அச்சுகளைப் பார்ப்பவர், திருச்சி மாநகரம் ஒரு காலத்தில் ஆளற்று இருந்ததோ என்று ஐயுறக்கூடும். காவிரிக் கரையில், மக்கள் நெருங்கி வாழ்ந்த ஊரில்! டிரைப்புக்கு ஒரு சமாதானம் உண்டு. அவருடைய காகிதம் மெதுவாய் இருந்தது. மனிதரை அழித்தது வேதியியல், அவர் அல்லர். இன்று நம் கையில் உள்ள கருவியோ நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் பறக்கும் சிட்டுக்குருவியின் சிறகையும் நிறுத்திவிடுகிறது. அத்தகைய கருவியை வைத்துக்கொண்டு, நின்ற இடத்தில் நிற்கும் ஒரு வீட்டை நாம் அழிக்கிறோம் என்றால், அதற்குக் கருவியைக் காரணம் காட்ட முடியாது.

இக்கண்ணோட்டம் தமிழருடையதா என்று எண்ணிப் பார்த்தோம். நிச்சயமாக இல்லை. நிலத்தைப் பாடுவதற்கு நம் முன்னோர் வகுத்த இலக்கணத்தை நினைவுகூர்வோம். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அதோடு நின்றாரா? தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என அந்நிலத்தின் கருப்பொருள்களை அடுக்கினார். இவற்றுள் உணவும் தொழிலும் பறையும் யாழும் மனிதக் கை படாமல் வருமா? அதற்கும் மேலாக உரிப்பொருள் என்று ஒன்றை வைத்தார். அது முழுக்க முழுக்க மனித நெஞ்சின் செய்தி. மலையும் யாமமும் மட்டும் இருந்தால் குறிஞ்சி ஆகாது. தினை காக்கும் ஒருத்தியும் அவளைத் தேடி வரும் ஒருவனும் வேண்டும். ஆளில்லாத மலைக்குத் தமிழில் திணையே கிடையாது. மேலைநாட்டு ஓவியர் சிலரும், அவர்களைப் பின்பற்றிய நாட்காட்டி அச்சகத்தாரும் நமக்குப் பழக்கிய ஆளற்ற மலையை நாம் இறைவனின் பெயரால் ஏற்றுக்கொண்டுவிட்டோம். வீரமாமுனிவரைப் பாருங்கள். தாம் கண்டிராத யூதேய நாட்டைத் தேம்பாவணியில் பாட நேர்ந்தபோது, அதற்கு நம் மழையையும் ஆற்றையும் வயலையும் தந்தார். வயலோடு உழவரையும் சேர்த்தே தந்தார். இத்தாலியில் பிறந்தவருக்குத் தெரிந்திருந்த தமிழ் மரபு, துறையூர்ச் சாலையில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியாமற்போயிற்று.

'மனிதக் காலடி படாத' என்றானே, அந்தச் சொல்லைச் சற்றே கவனிப்போம். பச்சைமலையில் வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தாரென்று மயங்க வேண்டா. மலையை ஆள்பவர், மலைவாழ்நர் என்பதே பொருள். அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பியர் மூவர் புறப்பட்டு வந்தனர், மூத்தவர் சேர்வராயன் மலையிலும் நடுவர் பச்சைமலையிலும் இளையவர் கொல்லிமலையிலும் குடியேறினர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. தம் ஊர்த்தொகுதிகளுக்கு அவர்கள் இட்ட பெயர்களைக் கேளுங்கள்: வண்ணாடு, தென்பரநாடு. சோழநாடு, பாண்டிநாடு என்பதுபோல 'நாடு' என்றே வழங்குகிறார்கள். நாடென்று பெயர் சூட்டி, தலைமுறை தலைமுறையாய் உழுது, பலா நட்டுப் புளி நட்டு வாழும் நிலத்தைப் பார்த்து, ஒரு நாள் காலையில் இருசக்கர வண்டியில் ஏறிச்சென்ற நம் பிள்ளை காலடி படாத இடம் என்கிறான். நாம் அதற்குக் கேடயம் வழங்குகிறோம்! அந்தப் பலாமரமே யாரோ ஒருவர் நட்டதுதான். படத்தின் அழகுக்கு அது வேண்டியிருந்தது. நட்டவரின் வீடு வேண்டியிருக்கவில்லை.

அப்பெண்மணியிடம் நிலத்தைச் சுட்டி, "இது தரிசா அம்மா?" என்று கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார். "தரிசா? எங்க காடு சாமி இது. கெழங்கு புடுங்கி ஆச்சு. மழை உழுந்தா குச்சி நடணும்" என்றார். காடு! நமக்குக் காடென்றால் மரமடர்ந்த வனம். புன்செய் உழவருக்குக் காடென்றால் உழுது பயிரிடும் கொல்லை. செங்காட்டுப்பட்டி என்ற ஊர்ப்பெயரிலேயே அந்தச் செம்மண் கொல்லை இருக்கிறது. நாம் மௌனத் துறவியாய் வியந்த செம்பரப்பு, அறுவடை முடிந்து மழைக்குக் காத்திருக்கும் மரவள்ளிக் கொல்லை. அந்தக் கிழங்கின் கதையும் எளிதன்று. மண்ணிலிருந்து பிடுங்கிய பிறகு நாளிரண்டுக்குள் ஆலை சேராவிட்டால் கெட்டுவிடும். ஜவ்வரிசி ஆலையில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. மாவுச்சத்து எத்தனை புள்ளி என்று பார்த்து விலை வைப்பார்கள். போதாக்குறைக்கு, 2020-இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவிலேயே தமிழகத்து மரவள்ளிக் கொல்லைகளிலும் புகுந்துவிட்டது. "பாயிண்டு கொறைவுன்னுட்டான்" என்று அவர் சொன்ன மூன்று சொற்களில் ஓராண்டு உழைப்பின் முடிவு அடங்கியிருந்தது.

அவருடைய கணவர் எங்கே என்று கேட்டோம். கேரளத்தில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறார். மூத்த மகன் திருப்பூரில். பக்கத்து வீட்டில் இரண்டு ஆண்கள், இருவரும் வெளியூரில். முதல் மழை விழுந்தபிறகே திரும்புவார்கள். சிலர் அப்போதும் திரும்புவதில்லை.

இங்கேதான் நம் நெஞ்சு சுட்டது. அந்த மலைவெளி உண்மையிலேயே மௌனமாய் இருந்தது. அதில் பொய்யில்லை. ஆனால் அந்த மௌனத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஏர் ஓட்டுபவனும் அதட்டுபவனும் பாடுபவனும் அங்கே இல்லை. கிழங்கு விலை அவர்களைக் கீழே இறக்கிவிட்டது. வேனிற்காலத்தில் மலையும் காடும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. பாலைக்கு அவர்கள் வைத்த உரிப்பொருள் பிரிவு. பொருள்வயின் பிரிந்த கணவனை எண்ணி இருக்கும் மனைவியைப் பற்றி எத்தனை பாட்டுகளைப் பள்ளியில் படித்தோம்! அவள் நேரில் படியில் அமர்ந்து புளி தட்டிக்கொண்டிருக்கும்போது நமக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுடைய பிரிவை நாம் 'இறைவனின் மௌனம்' என்று பெயரிட்டுச் சுவரில் மாட்டினோம். ஒருவரது இல்லாமையை இன்னொருவர் தியானப் பொருளாக்கிக்கொள்வதற்கு அருள்வாழ்வு என்று பெயர் வைக்க நமக்கு உரிமை இல்லை.

அன்பர் சிலர் இதற்குள் மறுப்புரை தொடங்கியிருப்பர். "படைப்பைக் கண்டு படைத்தவரைப் போற்றுவது திருவிவிலியம் காட்டும் வழியாயிற்றே! திருப்பாடல் ஆசிரியரும் அசிசியாரும் செய்ததைத்தானே அந்த இளைஞனும் செய்தான்?" என்பர். நல்லது. படைப்பைப் பாடும் 104-ஆம் திருப்பாடலையே எடுத்துக்கொள்வோம். மலைகள், ஊற்றுகள், வரையாடுகள், குழிமுயல்கள், இரை தேடும் சிங்கங்கள் என்று வரிசையாகச் செல்லும் அப்பாடல், கதிரவன் எழுந்ததும் யாரைக் காட்டுகிறது? மாலைவரை உழைக்கத் தன் வேலைக்குப் புறப்படும் மனிதனைக் காட்டுகிறது. சிங்கத்துக்கும் கடலுக்கும் இடையே அந்தக் கூலிக்காரன் நடந்து போகிறான். அவனைத் தேய்த்து அழித்துவிட்டால் பாடல் தூய்மையடையும் என்று தூய ஆவியாருக்குத் தோன்றவில்லை. பிரான்சிஸ் அசிசியாரும் கதிரவனையும் நிலவையும் பாடிவிட்டு, பிறரை மன்னிப்போரையும் துன்பம் தாங்குவோரையும் அதே பாடலில் சேர்த்தார். அவர் பெயரைப் பூண்ட மறைந்த திருத்தந்தை 2015-இல் எழுதிய சுற்றுமடல், நிலத்தின் துயரையும் வறியவரின் துயரையும் தனித்தனியே பிரித்துக் கேட்க முடியாது என்பதையே பக்கந்தோறும் வலியுறுத்துகிறது. அம்மடலைப் பல பங்குகளில் வகுப்பெடுத்து விளக்கினோம், மரக்கன்றும் நட்டோம்.

"இயேசுவும் தனித்த இடங்களுக்குச் சென்றாரே" என்பது இன்னொரு மறுப்பு. சென்றார். சென்ற இடத்தில் மக்கள் கூட்டம் முன்னதாகவே வந்து நின்றபோது, தம் தனிமையின் அழகு கெட்டுவிட்டதே என்று அவர் வருந்தவில்லை. ஆயனில்லா ஆடுகளாய் அவர்களைக் கண்டு மனமிரங்கி அவர்களுக்கு உணவளித்தார். மலைமேல் உருமாறிய வேளையில் மூன்று கூடாரங்கள் அமைத்து அக்காட்சியை அப்படியே நிறுத்திவைக்க விரும்பியவர் பேதுரு. செல்பேசி இருந்திருந்தால் அவர்தாம் முதலில் எடுத்திருப்பார் என்று மறையுரையில் ஒருமுறை வேடிக்கையாய்ச் சொன்னோம். இப்போது அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. மேகம் வந்து மறைத்தது. கீழே இறங்கியபோது வலிப்பு நோயால் துன்புறும் மகனோடு ஒரு தந்தை காத்திருந்தார். ஓரேபு மலையில் எலியாவோ, மெல்லிய ஓசையில் ஆண்டவர் வருவதை உணர்ந்ததும் போர்வையால் தம் முகத்தை மூடிக்கொண்டார். தூய்மையானதன் முன்பு முகத்தை மூடிக்கொள்வது ஒரு வழி. முகத்துக்கு முன்னே கருவியை உயர்த்துவது வேறொரு வழி.

படங்களே வேண்டா என்கிறோமா? இல்லை. கத்தோலிக்கராகிய நாம் அவ்வாறு சொல்லவும் இயலாது. திருவுருவங்களை உடைத்தெறிந்தவர்களுக்கு எதிராக 787-ஆம் ஆண்டு இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் தீர்ப்பளித்தது. உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அவ்வுருவம் குறிக்கும் ஆளையே சென்று சேர்கிறது என்பது அதன் போதனை. தமஸ்கு நகர் யோவான் இதற்காகவே தம் வாழ்நாளில் வாதாடினார். குருமடத்தில் இதை மனப்பாடம் செய்த நாம் இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அதை ஒரு நிழற்படத்தின்மேல் வைத்துப் பார்க்கிறோம். அந்தப் படத்துக்குக் கிடைத்த கைதட்டல் யாரைப் போய்ச் சேர்ந்தது? மலைக்குப் போகவில்லை, மலைமேல் வாழ்பவருக்கும் போகவில்லை. எடுத்தவனிடமும், தேர்ந்தவரிடமும் தங்கிவிட்டது. கீழைத் திருச்சபையில் திருவுருவம் எழுதுவோர், ஓவியம் முடிந்தபின் அதில் உள்ள புனிதரின் பெயரை எழுதுவர். பெயர் எழுதப்படாதவரை அது திருவுருவம் ஆவதில்லை. அந்த முறைமையில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது! பெயருள்ளது எதையும் விரலால் தேய்த்து அழிப்பது எளிதன்று.

இதில் நமக்கே உரிய ஓர் இரட்டை வேடத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பங்கில் வறியவருக்கு அரிசியும் போர்வையும் வழங்கும்போது நமக்கு அவர்கள் படத்தில் வேண்டும். நடுவில் நாம், இருபுறமும் அன்பியப் பொறுப்பாளர்கள், குனிந்து வாங்கும் ஒரு மூதாட்டி. அவர் நிமிர்ந்து கருவியைப் பார்க்கும்வரை மூட்டையை விடமாட்டோம். அதே வறியவர் நம் இயற்கைக் காட்சியில் குறுக்கிட்டால் அழித்துவிடுவோம். கொடுக்கும்போது அவர்கள் தேவை, வியக்கும்போது அவர்கள் இடையூறு. இரண்டு படங்களிலும் அவர்களிடம் எவரும் இசைவு கேட்டதில்லை. இந்த இரண்டாவது வகைப் படங்களில் சில நம் பங்கு இல்லச் சுவரிலேயே தொங்குகின்றன. அவற்றைக் கழற்றத் தொடங்கியிருக்கிறோம். ஆணியடித்த இடங்களில் சுண்ணாம்பு பெயர்ந்து வருகிறது.

"படம் பரவினால் சுற்றுலா வளரும், மலைமக்களுக்கு வருவாய் கிடைக்கும்" என்று உலகியல் அறிந்த ஒரு நண்பர் கூறினார். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. தேனும் பலாச்சுளையும் விற்பவருக்கு நாலு காசு சேரும். ஆனால் ஆளற்ற மலை என்ற விளம்பரத்தால் ஈர்க்கப்பட்டு வருபவன் ஆளைத் தேடி வருவதில்லை. யாருடையதும் அல்லாத இடம் என்று எண்ணி வருகிறான். யாருடையதும் அல்லாத இடத்தில் புட்டியை உடைத்தால் யார் கேட்பது? அருவியோரப் பாறைகளில் அன்று நாம் மிதித்த கண்ணாடித் துண்டுகள் மலைமக்கள் வாங்கிக் குடித்தவை அல்ல. கோடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் நேர்ந்ததை அறிவோம். கோடையில் ஏறும் ஊர்திகளைத் தாங்க முடியாமல், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் 7-ஆம் நாள்முதல் இணைய அனுமதிச்சீட்டு முறை அங்கே புகுத்தப்பட்டது. பழனி மலைகளின் மேற்பரப்பில் இருந்த இயற்கைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் மறைந்துவிட்டதென ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அவற்றை வெறுநிலம் என்று கருதித்தான் சீகை மரமும் தைலமரமும் நட்டார்கள். புல்வெளியைக் 'காலியான இடம்' என்று பார்த்த அந்தக் கண்ணும், கொல்லையைக் 'காலடி படாத இடம்' என்று பார்த்த நம் கண்ணும் உறவுக்காரக் கண்களே.

ஆற்றுக்கு அக்கரையில் வாழும் திருவரங்கத்து நண்பர் ஒருவரிடம் இது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஓய்வு பெற்ற ஆசிரியர், நாள் தவறாமல் கோயிலுக்குச் செல்பவர். 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி இராஜகோபுரத்தை வந்தவர் போனவரெல்லாம் எத்தனையோ ஆயிரம் முறை படம் எடுத்தாகிவிட்டது. ஆனால் கருவறையில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாள்முன் எவரும் கருவியை நீட்டுவதில்லை. கோயில்களுக்குள் செல்பேசி கூடாதென்று 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஆணையிடுவதற்கு முன்பும் அதுவே வழக்கம். "பார்க்கப் போகிறோம் என்று நாங்கள் சொல்லமாட்டோம் சுவாமி, சேவிக்கப் போகிறோம் என்றுதான் சொல்வோம். நாங்கள் பார்ப்பது கிடக்கட்டும், அவர் எங்களைப் பார்க்க வேண்டுமே" என்றார். நெடுநேரம் அந்தச் சொல்லையே அசைபோட்டுக்கொண்டு பாலத்தின் வழியே திரும்பினோம். காவிரியில் தண்ணீர் இல்லை. மணலின் நடுவே ஒருவர் எருமைகளை ஓட்டிச் சென்றார்.

மலையிலிருந்து இறங்குமுன் அந்தப் பெண்மணியிடம் செல்பேசியில் இருந்த பரிசுப் படத்தைக் காட்டினோம். காட்டலாமா வேண்டாமா என்று தயங்கிப் பிறகே காட்டினோம். அவர் கையில் வாங்கி வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பலாமரத்தை அடையாளம் கண்டுகொண்டார். முகட்டுக்கு அவர்கள் வழங்கும் பெயரைச் சொன்னார். பிறகு நடுவிலிருந்த செம்மண்ணில் விரல் வைத்து, "இங்கதான் வீடு வரணும். விட்டுப்போச்சு போலிருக்கு" என்றார். கோபமில்லை. எழுத்துப்பிழையைச் சுட்டுவதுபோல் சொன்னார். இளைஞன் தலைகுனிந்து நின்றான். நாமும் நின்றோம். "வேணும்னா இப்ப எடுத்துக்கோ தம்பி. பேரப்புள்ளைங்க வெடுதியிலருந்து வந்திருக்குதுங்க, கூப்புடறேன்" என்று உள்ளே போனார். வெளியே வருவதற்குள் கொடியிலிருந்த துணிகளை அவரே அவசரமாக எடுத்துவிட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்ல நினைத்தோம். அவர் வீடு, அவர் விருப்பம் என்று வாயை மூடிக்கொண்டோம்.

இவ்வாண்டுப் போட்டிக்கு மன்றத்தார் புதிய விதி சேர்த்துள்ளனர். படத்தின் பின்புறம் ஊரின் பெயரும், நிலத்துக்குரியவர் அல்லது அங்கு வாழ்பவர் பெயரும், அவரிடம் கேட்டு எடுத்ததாக ஒரு வரியும் இருக்க வேண்டும். எதையும் அழித்திருக்கக் கூடாது. இதை எழுதும் நாள்வரை பதினொரு படங்களே வந்துள்ளன. ஒளி சரியாக விழாத படங்கள் அவற்றில் பல. ஒன்றில் எடுத்தவரின் நிழலும் சேர்ந்தே விழுந்திருக்கிறது. மலைக்கோட்டை நிலவை அனுப்பியவர்களில் ஒருவர், நிலவுக்கு யாரிடம் இசைவு கேட்பது என்று கேட்டு எழுதியிருக்கிறார். அவருக்கு இன்னும் பதில் எழுதவில்லை.